நிலாவில் ஆடிய கொடி

போலி அறிவியலைக் கிழித்துத் தொங்கவிட்டு வாராவாரம் பத்திரிகையில் எழுதுவது என் வேலை. காந்த வளையல், ராசிக்கல், எதையும் விட்டதில்லை. அவற்றைப் போட்டிருந்த சொந்தக்காரர்களையும் விடாததால் வீட்டுக்கு இப்போது யாரும் வருவதில்லை.

போன் செய்பவர் ஒரே ஒருவர், என் வாசகரான லிஃப்ட் மெக்கானிக். மனிதன் நிலாவுக்குப் போகவே இல்லை என்பது அவர் கட்சி. செவ்வாய்க்கிழமை நாலு மணி ஆனால் போதும், "காத்தே இல்லாத இடத்துல கொடி எப்படி சார் ஆடும்?" என்று ஆரம்பித்துவிடுவார். நான் தொண்டை வறளக் கத்துவேன். மூன்று வருடமாக இதே கூத்து.

இன்று அவர் குரலில் சுரத்தே இல்லை.

"ஃபேனை நிறுத்தி, லிஃப்ட் கதவை மூடிட்டு, உள்ள ஒரு கொடியை நட்டுப் பார்த்தேன் சார். கம்பத்தைத் திருகினாலே துணி ஆடுது. நீங்க சொன்னதுதான் சரி. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

ஜெயித்துவிட்டேன். சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டது.

"இருங்க, வச்சிடாதீங்க," என்றேன் அவசரமாக. "அந்த நிலா போட்டோவுல நிழலெல்லாம் கோணலா விழுந்திருக்கே, கவனிச்சீங்களா? எனக்கே அது சந்தேகமாத்தான் இருக்கு."