ஊதா உதட்டுப் பாட்டு

உரக்கடையில் துர்காதேவி தன் அப்பாவின் பெயரைச் சரியாகச் சொன்னதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

ரசீது போடக் கடைக்காரர் பெயர் கேட்டிருக்கிறார். அப்பா மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்ததால் மகள் பதில் சொன்னாள்: "குழந்தைவேலு." நாக்கை உள்ளே மடித்து, ழகரத்தில் ஒரு கணம் நின்று, பிறகு நிதானமாக இறங்கி. கடையில் இருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பழம் என்பது பளம்தான், மழை மளைதான். அந்த மனிதரை நாற்பத்தைந்து வருடமாக எல்லோரும் கொளந்தவேலு என்றே கூப்பிட்டு வருகிறார்கள். அவரும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

எட்டு வயது மகள் தன் பெயரை நக்கல் அடிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, "ஸ்கூல்ல டிவியில ஒரு அக்கா பாடுவாங்கப்பா, உதடெல்லாம் ஊதாவா இருக்கும், சார்தான் போட்டுக் காட்டுவாரு" என்றிருக்கிறாள் துர்கா.

அந்த சார் நான். மூன்றாம் வகுப்பு ஆசிரியர்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே குழந்தைவேலு பள்ளி வாசலில் பைக்கை நிறுத்தினார்.

"சார், நீக பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறீகளா, படம் காட்டுறீகளா?"

பொதுவாகவே நான் அதிகம் பேசுவதில்லை. அவர் என்னைத் தாண்டித் தலைமை ஆசிரியை ஹேமாவதியின் அறைக்குப் போனார். கால்மணி நேரம் அவருடைய குரல் மட்டும் கேட்டது. போன பிறகு ஹேமாவதி டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"சிவசங்கரன் சார், எனக்கு ஒரே கேள்விதான். அந்தப் பாட்டு ஆசிரியர் கையேட்டுல இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"சரி. வெள்ளிக்கிளமை பெற்றோர் கூட்டம் இருக்கு. அவங்க வேணாம்னா, ஸ்மார்ட் போர்டு ரிமோட் என் பீரோவுக்குள்ள போயிரும். அதுக்கப்புறம் நீங்களே வாயால நடத்திக்கங்க."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் 'வாயால' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை.

எனக்கு ழ வராது. இதை அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. மனதுக்குள் வாசிக்கும்போது ழகரம் எனக்குத் தவறியதே கிடையாது. அதனாலேயே வாசிப்பில் விழுந்தேனோ என்று சில சமயம் நினைப்பேன். பக்கம் பக்கமாக மழை பெய்யும், யாழ் ஒலிக்கும், பொழுது சாயும், ஒவ்வொன்றும் சுத்தமாக உள்ளே கேட்கும். வாயைத் திறந்தால் எல்லாம் ள. ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் ஊரில் எல்லோரும் தமிழ் கற்றுக்கொடுக்கச் சம்பளம் வாங்கவில்லை.

பதினோரு வருடமாக அந்த எழுத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். வகுப்பில் ஏழு என்று சொல்ல மாட்டேன், கரும்பலகையில் எழுதிவிட்டு விரலால் காட்டுவேன். மழையைத் தூறல் என்பேன். சொல்வதெழுதுதலில் பிள்ளைகள் "பெரிய ளவா, சிறப்பு ழவா சார்?" என்று கேட்டால், "சிறப்பு" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ழ நிறைந்த வரி வந்தால் நடுவில் மௌனமாகி ஜன்னலைப் பார்ப்பேன். சார் யோசிக்கிறார் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். ஆனாலும் நோட்டுகளில் உண்மை தெரிந்தது. வாளைக்கும் வாழைக்கும் வேறுபாடு இல்லாமல் வருடத்துக்கு இருபது பேர் என்னைக் கடந்து போனார்கள்.

போன ஜூலையில்தான் அந்தக் காணொளி என் கைபேசியில் வந்தது. பாடுகிறவள் பாலக்காட்டுப் பெண்ணாம். கானாடுகாத்தானில் செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றில் எடுத்திருந்தார்கள். பளிங்குத் தரையில் இருபது பேர் குதித்துக் குதித்து ஆடுகிறார்கள். ஒரு நிமிடம் பன்னிரண்டாவது வினாடியில் ஆட்டம் நின்று அவளுடைய வாய் மட்டும் திரை முழுக்க வருகிறது. ஊதா நிற உதடு. "வழியெங்கும் மழை, மழையெங்கும் நிழல்" என்று மூன்று முறை பாடுகிறாள். அவள் நாக்கு என்ன செய்கிறது என்பது பளிச்சென்று தெரியும். நாற்பது வருடத்தில் ஒரு ழ எப்படி உண்டாகிறது என்று நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

வகுப்பில் போட்டேன். முதல் மூன்று நாள் பிள்ளைகள் வீட்டைத்தான் பார்த்தார்கள். ஒரு தூணுக்குப் பின்னால் ஆடு ஒன்று எட்டிப் பார்க்கிறது என்று பெரிய கண்டுபிடிப்பு. நாலாம் நாள் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அந்த வாயில் நிறுத்தினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே நாக்கை மடித்தார்கள். இரண்டு வாரத்தில் பதினேழு பேருக்கு ழ வந்துவிட்டது. துர்காவுக்கு முதலில் வந்தது. சொல்வதெழுதுதலுக்கு வார்த்தைகளை அவளையே சொல்லவைத்தேன். நான் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த வருடத்தில் எனக்கு அதைவிட இனிமையான நேரம் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் பதினோரு அம்மாக்களும் மூன்று அப்பாக்களும் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். பெற்றோர் குழுவின் தலைவி புஷ்பவள்ளி, வலையபட்டியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர், நேராக விஷயத்துக்கு வந்தார்.

"முதல்ல பாட்டைப் போடுங்க சார். பார்க்காம எப்படிச் சண்டை போடுறது?"

போட்டேன்.

"ஏ, இது கானாடுகாத்தான்ல நம்ம வெள்ளையடிக்கப் போன வீடுல்ல?" என்றார் ஒரு அம்மா.

"ஆமாடி, அந்தத் தூணைத் துடைச்சு எனக்கு இடுப்பே போச்சு. இவ அதுல சாஞ்சுக்கிட்டு ஆடுறா பாரு!"

"பின்னாடி ஒரு ஆடு நிக்குது."

புஷ்பவள்ளியின் கால் தாளம் போட்டது. அதைக் கவனித்துவிட்டு அவரே காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் குழந்தைவேலு எழுந்தார்.

"பார்த்தீகள்ல? இம்புட்டு உதட்டுச் சாயத்துல என்ன படிப்பு இருக்கு? மலையாளத்துப் பொம்பளை வந்துதான் நமக்குத் தமிள் சொல்லிக் குடுக்கணுமா?"

ஜன்னலுக்கு வெளியே களுக்கென்று சிரிப்பு. வீட்டுக்குப் போகாமல் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் கேக்குறது நியாயந்தான சார்?" என்றார் ஹேமாவதி டீச்சர். "இதை நீங்களே சொல்லிக் குடுத்தா ஆகாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பேசப் பிடிக்காமல் இருப்பது ஒன்று, பேச முடியாமல் இருப்பது வேறொன்று. இரண்டும் வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரியும். அந்தச் சௌகரியத்தில் பதினோரு வருடம் ஓட்டியிருந்தேன். ஏதாவது சொல்லி இன்றைக்கும் தப்பித்திருக்கலாம். ஆனால் ரிமோட் பீரோவுக்குள் போய்விட்டால் திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு மறுபடியும் நான் மட்டும்தான்.

"எனக்கு அந்த எளுத்து வராது" என்றேன்.

"எந்த எளுத்து?" என்றார் புஷ்பவள்ளி.

"அதான்... ள."

"அதான் வருதே!"

"இல்லம்மா, அது இல்ல. இன்னொண்ணு." மூச்சை இழுத்து, முடிந்த அளவு முயன்றேன். "ள."

"ரெண்டும் நல்லாத்தான சொன்னீக? இதுக்குப் போயி ஏன் சார் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"ஆமா சார், தெளிவாத்தான் இருந்துச்சு" என்றார் ஹேமாவதி டீச்சரும்.

அவமானத்துக்கு நான் தயாராக இருந்தேன். யாருக்கும் வித்தியாசமே கேட்காது என்பதற்குத் தயாராக இல்லை. இத்தனை வருடம் ஒளித்துவைத்த குறையை எடுத்து நடுவில் வைத்தால், ஒருவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

"சார் ரெண்டு தடவையும் பெரிய ளதான் சொன்னாரு!" ஜன்னலில் இருந்து குரல் வந்தது.

"ஏ துர்கா, இங்குட்டு வா!" என்றார் குழந்தைவேலு. "பெரிய மனுசி மாதிரி பேசுறல்ல. என்ன வித்தியாசம்னு எல்லாத்துக்கும் சொல்லு."

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. உள்ளே வந்து மேசைமேல் இருந்த ரிமோட்டை எடுத்தாள். சரியாக அந்த வினாடிக்குப் பாட்டைக் கொண்டுபோய் நிறுத்தினாள். ஊதா வாய் சுவர் அளவுக்குத் திறந்து நின்றது.

"பள்ளம்னு சொன்னா நாக்கு மேல போயி ஒட்டணும். பழம்னு சொன்னா ஒட்டக் கூடாது. ஒட்டப்போற மாதிரி போயி, ஒட்டாம வந்துரணும். அந்த அக்கா நாக்கைப் பாருங்க, நடுவுல சும்மா நிக்குதுல்ல?"

பெஞ்சில் இருந்தவர்கள் நாக்கை மடித்தார்கள். கொஞ்ச நேரம் அந்த அறையில் கேட்ட ஓசைகளை எழுத எந்த மொழியிலும் எழுத்து கிடையாது. ஒருவருக்குப் பயம் என்று வந்தது, ஒருவருக்குப் பர்ரம். ஹேமாவதி டீச்சர் வருகைப் பதிவேட்டால் வாயை மறைத்துக்கொண்டு முயன்றார். கம்பியில் தொங்கிய பிள்ளைகள் "ஒட்டிருச்சு! ஒட்டிருச்சு!" என்று ஒவ்வொருவரையும் பார்த்துக் கத்தினார்கள்.

குழந்தைவேலு மட்டும் முயலவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேரைச் சொல்லு."

"குழந்தைவேலு."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"அதுதான் என் பேரா?"

"ஆதார் கார்டுல அப்படித்தாம்ப்பா இருக்கு."

அவர் வாயை மெதுவாகத் திறந்தார். "குள... குய..."

"நாக்கு ஒட்டிருச்சுப்பா."

"ஒட்டாம அது எப்படிப் புள்ள அந்தரத்துல நிக்கும்?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப இத்தனை வருசமா நீக என்னத்த சார் சொல்லிக் குடுத்தீக?"

"தப்பாத்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன். "உங்க மூத்த மகனுக்கும் சேத்து."

அவர் முகம் இறுகியது. நான் எதையும் எதிர்பார்த்து நின்றேன்.

"அதான் பார்த்தேன்" என்றார். "காரைக்குடியில தள்ளுவண்டி போட்டிருக்கான்ல, போர்டுல பளக்கடைன்னு எளுதி வச்சிருக்கான்."

"பளக்கடைன்னா எப்படி?" என்றார் புஷ்பவள்ளி.

"பளக்கடைன்னுதான்!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அவர்தான் என்று நினைக்கிறேன். பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பலகையைப் படித்துப் பழம் வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, தீர்மானம் எளுதணும்" என்று ஹேமாவதி டீச்சர் நோட்டை விரித்தார். "பாட்டு வேணுமா, வேணாமா? வாய் தெரியுற இடம் மட்டும்னு போட்டுக்கலாமா? ஆட்டம் வேணாம்ல?"

"ஆட்டமும் இருக்கட்டும் டீச்சர்" என்றார் புஷ்பவள்ளி. "நாள் பூரா உக்காந்தே கெடக்குதுக."

"எனக்கு ஒரு கண்டிசன்" என்றார் குழந்தைவேலு. "அந்தம்மா பாடட்டும், வேணாங்கல. பாடி முடிச்சதும் சாரும் சொல்லணும். பிள்ளைக முன்னாடி, சத்தமா. அந்தம்மா நாளைக்கு வேற பாட்டுக்குப் போயிருவாக. இங்க இருக்கப்போறது நீகதான?"

மறுக்க என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. ஹேமாவதி டீச்சர் அதையும் தீர்மானத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை பாட்டு முடிந்ததும் ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். மழைக்காலத்தைப் பற்றிய பாடம். முதல் வரியிலேயே மூன்று ழ. வழக்கமாக நான் மௌனமாகும் இடம். பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். அவ்வளவு கவனமான வகுப்பு எனக்கு எந்த வருடமும் அமைந்ததில்லை.

"மளை" என்றேன்.

"ஒட்டிருச்சு சார்!"

"மயை."

"இப்ப நாக்கு போகவே இல்ல சார்!"

ஒரு வரிக்கு ஒன்பது நிமிடம் ஆனது. துர்கா பெஞ்சை விட்டு எழுந்து வந்து, தலையைச் சாய்த்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"போகுது சார், நல்லாத்தான் போகுது. ஒட்டுறதுக்குள்ள இறக்கிருங்க. பயந்துக்கிட்டே இறக்காதீங்க."

இரண்டாவது வரியைத் தொடங்கினேன்.