பூங்காவில் தேங்கிய தண்ணீர்

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிக் கிடந்த பொட்டலில் 2005 சித்திரையில் ஒரு பூங்கா திறந்தார்கள். நான்கு பெஞ்சு, ஒரு சறுக்குமரம், பூங்கா நலச் சங்கத் தலைவர் தெய்வசிகாமணியின் பெயர் பொறித்த ஆளுயரக் கல்வெட்டு. காவலுக்குத் தனகோடி. தையில் திட்ட அதிகாரி வருவார், புல் பச்சையாக இருந்தால் அவள் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடுவார் என்று பேச்சு.

“புல்லு நடணும், தரைய நல்லா சமமாக்கிடும்மா” என்றார் தலைவர்.

தனகோடிக்குத் தெரிந்த சமம் ஒன்றுதான். இருபது வருஷம் உப்பளத்தில் தண்ணீர் கசியாதபடி பாத்தி மிதித்த கால். தண்ணீர் விட்டாள், மிதித்தாள், காயவிட்டாள், மறுபடி மிதித்தாள். சொட்டு கீழே இறங்காது. தலைவர் செருப்போடு தட்டிப் பார்த்து, “சிமெண்ட் மாதிரி!” என்று மெச்சினார். புல்லுக்கும் அது சிமெண்ட் மாதிரியே இருந்தது. கோடை முழுக்க ஜனங்கள் அந்த வழவழப்பில் துண்டு விரித்துக் காற்று வாங்கினார்கள்.

ஐப்பசி மழையில் பூங்கா குளமானது. பிள்ளைகள் சறுக்குமரத்தில் ஏறித் தண்ணீரில் விழுந்தார்கள். கொக்கு வந்தது. ஊரே ரசித்தது. தனகோடிக்குச் சோறு இறங்கவில்லை. கடப்பாரையால் வாய்க்கால் வெட்டப் பார்த்தாள். அவள் மிதித்த தரை அவளுக்கே இடங்கொடுக்கவில்லை.

தையில் அதிகாரி வந்தபோதும் முழங்கால் தண்ணீர்.

“என்ன இது?”

தலைவர் தனகோடியைப் பார்த்தார். அவள், “சொட்டு இறங்கலிங்க சார்” என்றாள்.

“ஓ, மழைநீர் சேமிப்பா? யார் யோசனை?”

“என்னுதுதான் சார்!” தலைவர் ஓரடி முன்னால் வந்துவிட்டார். அதிகாரி நோட்டில் அவர் பெயரை எழுதிக்கொண்டார்.

“தண்ணி இப்படியே நிக்கணும். சித்திரையில பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்.”

வற்றணும் என்று வேண்டியவள் அன்றிலிருந்து வற்றக்கூடாது என்று வேண்டினாள். விடிந்ததும் பெஞ்சுக் காலில் தண்ணீர் நின்ற மட்டத்தில் ஆணியால் கோடு போட்டாள். கோடு தினம் ஒரு விரல் இறங்கியது. கைப்பம்பிலிருந்து உப்புத் தண்ணீரைக் குடம் குடமாய்க் கொண்டுவந்து ஊற்றினாள்.

“ஏண்டி, அளத்துல தண்ணிய வத்தவெச்சி கூலி வாங்கின. இங்க வத்தாம வெச்சி சம்பளமா?” என்றாள் பக்கத்துவீட்டுப் பொன்னி.

“சிரிக்காதடி. ஒரு குடம் பிடி.”

பங்குனி வெயில் யார் பேச்சையும் கேட்கவில்லை. தண்ணீர் போய், தரை முழுக்க வெள்ளைவெளேரென்று உப்புப் பூத்தது. ஜனங்கள் பொழுதுசாய வந்து அதையும் ரசித்தார்கள்.

சித்திரையில் ஜீப் வந்தது. அதிகாரி குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது.

“தண்ணியும் இல்ல, புல்லும் இல்ல. யார் பொறுப்பு?”

“இந்தம்மாதான் சார்” என்றார் தலைவர்.

அதிகாரி நோட்டைப் புரட்டினார். “யோசனை உங்களுதுன்னு இருக்கே? விளக்கம் எழுதிக் கொடுங்க.” பிறகு தனகோடியிடம் திரும்பினார். “நீ என்னம்மா பண்ணின?”

“தரைய சமமாக்கச் சொன்னாருங்க. ஆக்கினேன்.”

அவர் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். சமமாகத்தான் இருந்தது. அவள் வேலைக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போனபின் தலைவர் கோடு போட்ட பெஞ்சில் காகிதத்தோடு உட்கார்ந்தார்.

“ஏம்மா, என்னான்னு எழுதறது?”

“மழை பேஞ்சிது, வெயில் அடிச்சிதுன்னு எழுதுங்க சார்” என்றாள் தனகோடி. “அது ரெண்டும் உங்க யோசனை இல்லியே.”