டிக்கிக்குள் கல்யாண பேண்ட்

மூன்று மணிக்குக் கல்யாணம். மணி ஒன்றரை ஆகியும் அறுபத்துமூன்று வயது மாப்பிள்ளை எவேலியோ அரை டிராயரோடு ஹவானாவின் நடுத்தெருவில் நின்று, தன் காரின் பின்புறத்தைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"திறடி ராணி. இன்னிக்கு ஒரு நாள் என் மானத்தைக் காப்பாத்து."

ராணி ஐம்பத்திரண்டாம் வருஷத்து அமெரிக்கக் கார். அமெரிக்கர்களே திரும்பி வந்தாலும் அதன் மூக்கைத் தவிர வேறெதையும் எங்களுடையது என்று உரிமை கொண்டாட முடியாது. எஞ்சின் ரஷ்ய டிராக்டருடையது. ஸ்டியரிங் ரொட்டி வண்டியிலிருந்து வந்தது. டிக்கியின் பூட்டு, யாரோ செத்துப்போன கர்னலின் பிரிட்ஜ் கதவிலிருந்து கழற்றியது.

அந்தத் தெருவில் ஸ்டெப்னி டயர் திருடுபோகாத காரே கிடையாது. தும்மிவிட்டு நிமிர்வதற்குள் டயர் போய்விடும். எவேலியோ மட்டும் உட்கார்ந்து யோசித்தான். சாவித் துவாரத்தையே தகரம் வைத்து வெல்டிங் செய்து அடைத்துவிட்டான். பூட்டிலிருந்து ஒரு சைக்கிள் பிரேக் கம்பியை வண்டிக்கடியில் ஓட்டி, டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒளித்து வைத்தான். அதை இழுத்தால்தான் டிக்கி திறக்கும். தீவிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான்.

அந்த நம்பிக்கையில்தான் முந்தின நாளே கல்யாண பேண்ட், வெள்ளைச் சட்டை, மோதிரங்கள், இரண்டு பேருடைய அடையாள அட்டைகள் எல்லாவற்றையும் டிக்கிக்குள் வைத்தான். இப்போது கம்பியை இழுத்தால், கம்பி முழுசாகக் கையோடு வந்துவிட்டது, எலி வாலைப் போல.

பேண்ட்டை இரவல் வாங்கலாமென்றால், அந்த இடுப்புக்குக் கப்பல் பாயைத்தான் தைக்க வேண்டும். அட்டை இல்லாவிட்டால் கல்யாண மாளிகையில் கல்யாணத்தைப் பதிவு செய்கிற நோட்டரி அம்மா வாயையே திறக்கமாட்டாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மணப்பெண் மிக்தாலியா சொன்னதுதான் பெரிய கவலை. கல்யாணம் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. முதல் தடவை ராணியின் முன்சக்கரம் கழன்று, அவனுக்கு முன்னால் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் தடவை பிரேக் பிடிக்காமல், மாளிகை வாசலில் காத்திருந்தவளுக்குக் கையசைத்தபடியே துறைமுகம்வரை போய்விட்டான். அன்றைக்கு அவள் அமைதியாகச் சொன்னாள்: "மூணாவது தடவையும் இந்த வண்டியால நேரம் தவறிச்சுன்னா, நீ வண்டியையே கட்டிக்கோ." முப்பது வருஷம் ஹவானாவில் நகரப் பேருந்து ஓட்டியவள். சொன்ன நேரத்துக்குக் கிளம்புகிறவள்.

இதற்குள் தெருவே கூடிவிட்டது. அங்கே பிறந்த குழந்தைகூட மெக்கானிக்தான். ஆளுக்கொரு யோசனை.

"சூடான எண்ணெய ஊத்துய்யா!"

"பின்னாடி சீட்டைக் கழட்டு, அது வழியா போயிடலாம்" என்றான் எதிர்வீட்டு நாவிதன் ஒரெஸ்தெஸ்.

அது நல்ல யோசனை. ஆனால் சீட்டுக்குப் பின்னாலும் திருடனுக்குப் பயந்து எவேலியோ பலகை அடித்திருந்தான். ஆணிகள் சிலுவையில் அடித்ததுபோல இறங்கியிருந்தன. வியர்த்து விறுவிறுத்துப் பலகையைப் பெயர்த்தபோது, பூனை நுழையும் அளவுக்கு ஒரு சந்து தெரிந்தது. எவேலியோவின் தொப்பை அதைப் பார்த்ததுமே பின்வாங்கியது. ஒரெஸ்தெஸ் தலையைக் கொடுத்தான். தோள் மாட்டிக்கொண்டது.

"ஐயோ, இழுங்கடா! பூட்டு கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கு, நான்தான் எட்ட மாட்டேங்கிறேன்!"

நாலு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். ஆள் வந்தான், ஒரு காலுறை மட்டும் இழுத்தவன் கையில் இருந்தது.

மணி இரண்டைத் தாண்டிவிட்டது. யாரோ கடப்பாரை கொண்டுவந்தார்கள். எவேலியோ டிக்கி மூடியின்மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டான்.

"முதல்ல என்னை உடைங்கடா!"

"யோவ், உனக்குப் பொண்டாட்டி வேணுமா, தகரம் வேணுமா?" என்று ஒரெஸ்தெஸ் கத்தினான்.

எவேலியோ மூடியிலிருந்து கன்னத்தை எடுத்தான். மெதுவாக எழுந்து கடப்பாரையைத் தானே வாங்கினான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தலைக்குமேல் ஓங்கினான். தெரு மூச்சை அடக்கியது.

"அதைக் கீழ போடு."

மிக்தாலியா வந்துவிட்டாள். கல்யாணக் கவுன், தலையில் பூ, செருப்பு இரண்டும் கையில். மெலிந்த உடம்பு, நறுக்கென்ற நடை. நடந்ததை எவேலியோ உளறி முடிப்பதற்குள் செருப்பை ஒரெஸ்தெஸிடம் கொடுத்துவிட்டு, பின்சீட்டு வழியாகச் சந்துக்குள் பாம்பைப் போல வழுக்கிப் போனாள். கவுனின் வால் கடைசியாக உள்ளே போனது.

"இருக்கியா?" என்றான் எவேலியோ, மூடியில் காதை வைத்து.

"இருக்கேன். பூட்டு நாக்கு கையில இருக்கு. தள்ளினா திறந்துடும்."

"தள்ளும்மா! தள்ளு!"

மூடி அசையவில்லை.

"எவேலியோ."

"சொல்லு, உசிரே."

"இன்னிக்கு மாளிகைக்கு யாரு ஓட்டறது?"

எவேலியோவின் முகம் வெளுத்தது. இருபத்தேழு வருஷமாக ராணியின் ஸ்டியரிங்கை வேறு யாரும் தொட்டதில்லை. ஈ உட்கார்ந்தால்கூட ஊதிவிடுவான்.

"அது வந்து... ராணிக்குக் கொஞ்சம் பழக்கம் வேணும்..."

"சரி. உள்ள நல்லா குளுகுளுன்னு இருக்கு. நான் கொஞ்சம் தூங்கறேன்."

"ஓட்டச் சொல்லுடா கிறுக்கா!" என்று தெருவே ஒரே குரலில் கத்தியது. மூன்றாம் மாடியில் ஒரு கிழவர் பூந்தொட்டியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

"நீதான்! நீதான் ஓட்டறே!"

டொக் என்று ஒரு சத்தம். மூடி எழுந்தது. தலைப்பூ கலைந்து, மூக்கில் கிரீஸோடு, ஒரு கையில் பேண்ட்டும் மறுகையில் அடையாள அட்டைகளுமாக மிக்தாலியா எழுந்து நின்றாள். தெரு போட்ட கூச்சலில் துறைமுகத்துக் கப்பல்கள் பதிலுக்குச் சங்கு ஊதின என்று ஒரெஸ்தெஸ் இன்றைக்கும் சத்தியம் செய்வான்.

எவேலியோ தெருவிலேயே பேண்ட்டையும் சட்டையையும் மாட்டி, மோதிரங்களைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினான். வாழ்க்கையில் முதல்முறையாக டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில். முதல் திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாவதில் ஒரு கண்ணைத் திறந்தான். அவள் பள்ளத்தைச் சுற்றிப் போனாள், கியர் முனகவில்லை. குடிகாரத் தாத்தாவைப் போலவே எப்போதும் இருமும் ராணி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல அடங்கிப் போயிற்று.

"என்ன, பேச்சே காணோம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம் பால்கனியெல்லாம் இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

இத்தனை வருஷமும் அவன் பள்ளங்களை மட்டுமே பார்த்து வந்திருக்கிறான். சீட்டில் சாய்ந்தான். காலை நீட்டினான். மாளிகை வாசலில் அவள் வண்டியை நிறுத்தியபோது மூன்றடிக்க இன்னும் நேரமிருந்தது. நோட்டரி அம்மா, "சம்மதமா?" என்று கேட்டபோது, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தத்தையும் அவன் விட்டான். மேஜைமேலிருந்த காகிதங்கள் பறந்து போயின. அவற்றைப் பொறுக்கியெடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட முடிந்தது.