டெக்ஸாஸைப் பார்க்காத டெக்ஸாஸ் பெண்

லோரெட்டா ஹேல் நடக்கப் பழகும் முன்பே குதிரை ஏறியவள் என்று ஸ்டுடியோ ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது. டெக்ஸாஸில் அப்பாவுக்குப் பண்ணை, கண்ணுக்கெட்டிய தூரம் மாடு. உண்மையில் அவள் பெயர் ஃப்ரீடா ஸ்லட்ஸ்கி. அப்பா புரூக்ளினில் வெள்ளரிக்காய் ஊறுகாய் விற்பவர். அவள் கிட்டப் போய்ப் பார்த்த ஒரே குதிரை பால்வண்டிக் குதிரை. அதுவும் அவள் தொப்பியைத் தின்றுவிட்டது.

எட்டுப் படங்களில் குதிரைமேல் பறந்திருந்தாள். கிட்டத்தில் எடுத்தால் அவள் முகம், அடியில் சக்கரம் வைத்த பீப்பாய். தூரத்தில் பறந்தது மீசையை மழித்து விக் வைத்த ஒரு டூப் ஆசாமி.

இன்றைக்குப் பீப்பாய் இல்லை. ஹெஸ்டர் பிம் வந்திருந்தாள். அவள் எழுதும் சினிமாச் செய்தியைப் படிக்காமல் ஹாலிவுட்டில் யாருக்கும் காலைக் காப்பி இறங்காது. 'அந்த டெக்ஸாஸ் பெண் போலி' என்று யாரோ அவள் காதில் ஓதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை லோரெட்டாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். முதலாளி சுருக்கமாக முடித்துவிட்டார்: "குதிரை ஏறு, இல்லன்னா ரயில் ஏறு."

"ஒண்ணும் ஆகாது கண்ணு," என்றான் விளம்பர இலாகா மில்ட். அவளுக்கு டெக்ஸாஸைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் அவன்தான். "டியூக் கிழட்டுக் குதிரை. உன்னைவிட அதிகப் படத்துல நடிச்சிருக்கு. 'ஆக்‌ஷன்'னு சொன்னாத்தான் ஓடும். மத்த நேரம் நின்னுகிட்டே தூங்கும்."

"என்னை மீனவன் பொண்ணுன்னு எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன?"

ஏறினாள். சிரிப்பு மட்டும் கழன்று விழவில்லை, சம்பளமே அதற்குத்தானே. டியூக் கண்ணை மூடியது. ஹெஸ்டர் குடைக்கடியிலிருந்து இமைக்காமல் பார்த்தாள். கேமராவைச் சரிசெய்த ஃபோட்டோகிராபர், சும்மா இருக்க முடியாமல், கையை உயர்த்திக் கத்தினான்:

"ஆக்‌ஷன்!"

டியூக் பாய்ந்தது. கடிவாளம் கையை விட்டது. எதிரே வேலி, வேலிக்கு அப்பால் பள்ளம். "நில்லு! ஐயோ, நில்லுப்பா!" என்று அலறினாள். டியூக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதுமாதிரி எத்தனை அலறல் கேட்டிருக்கிறது. அதைப் பொறுத்தவரை இதெல்லாம் வசனம்.

வேலியின் ஆணிகள் தெரிந்தன. வயிற்றிலிருந்து ஒரு சொல் வந்தது.

"கட்!"

நான்கு காலும் தரையில் அறைந்து நின்றது டியூக். அவள் அதன் கழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டு, மெல்ல வழிந்து கீழே இறங்கினாள்.

மில்ட் மூச்சிரைக்க ஓடிவந்தான். பின்னாலேயே ஹெஸ்டர், நிதானமாக.

"டெக்ஸாஸ்ல குதிரைய இப்படித்தான் நிறுத்துவீங்களாக்கும்?"

லோரெட்டாவுக்கு இனிப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"தெரியாது மேடம். நான் டெக்ஸாஸப் பார்த்ததே இல்ல. எங்கப்பா புரூக்ளின்ல ஊறுகாய் விக்கிறார்." ஒரு கணம் யோசித்தாள். "நல்ல ஊறுகாய்."

மில்ட் அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டான்.

ஹெஸ்டர் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். "நீ வலது பக்கமா ஏறினப்பவே தெரிஞ்சுபோச்சு. குதிரை ஏறத் தெரிஞ்ச எவளும் அந்தப் பக்கமா ஏற மாட்டா."

"எழுதிடுவீங்களா?"

"எதை எழுத? உங்கப்பா பண்ணையில விருந்து சாப்பிட்டேன்னு போன வருஷம் நானே எழுதியாச்சு. மாட்டுக்கறி பிரமாதம்னு வேற. நீ பொய்யின்னா, நான் யாருடி?"

ஹெஸ்டர் கையுறையால் டியூக்கைச் சுட்டிக் காட்டினாள்.

"நிக்காத. ஃபோட்டோ வேணும்ல? ஏறு. இடது பக்கமா."

ரயிலிடமிருந்து தப்பினாள், குதிரையிடமிருந்து தப்ப முடியவில்லை. லோரெட்டா சுற்றிக்கொண்டு போய்ச் சேணத்தைப் பிடித்தாள். டியூக் காதை விறைத்துக் காத்திருந்தது. ஃபோட்டோகிராபர் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

மில்ட் பாய்ந்து அந்த வாயைப் பொத்தினான்.