நெஷ் தங்கியிருந்த நாற்பது நாள்

பேச ஆள் குறைந்துபோன ஆங்கிலச் சொற்களை வேலூருக்கு அனுப்பிவைப்பது வழக்கம். சத்துவாச்சாரியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்தும் ஏகாம்பரத்துக்கு இந்த வருஷம் வந்தது 'நெஷ்'. கம்பளித் துணி சுற்றி, பதிவுத் தபாலில் வந்தது. டெர்பிஷயர் பக்கத்துச் சொல். லேசான குளிரைக்கூடத் தாங்காத ஆளை அங்கே அப்படிச் சொல்வார்களாம். கூட வந்த கடிதத்தில் நிபந்தனை இருந்தது. நாற்பது நாளுக்குள் ஒரு தடவையாவது பொருத்தமான ஆளின் முகத்தைப் பார்த்து அதை மனசாரச் சொல்ல வேண்டும். தவறினால் அவரிடம் இருக்கும் மற்ற ஆங்கிலமும் திரும்பப் பெறப்படும்.

வெறும் மிரட்டல் இல்லை. போன வருஷம் கோட்டைவிட்ட ஆம்பூர் மாணிக்கவேலு, பஸ் என்று சொல்ல வாய் வராமல், இன்றும் கையைக் காட்டித்தான் ஏறிப் போகிறார்.

ஏகாம்பரம் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். சொல்லை ஐந்து மதிப்பெண் கேள்வி ஆக்கினார். அறுபது பிள்ளைகள் காலையும் மாலையும் கோரஸாக ஒப்பித்தார்கள். முக்கியம் என்று பக்கத்தில் நட்சத்திரம் போட்டுக்கொண்டார்கள். ஒப்பிக்க ஒப்பிக்கச் சொல் இளைத்தது. வரும்போது கைக்குட்டை அளவு இருந்தது, இருபது நாளில் பஸ் டிக்கெட் அளவுக்கு வந்துவிட்டது.

பிறகு குளிர் தாங்காத ஆளைத் தேடி அலைந்தார். சித்திரை மாதம். ஐஸ் கம்பெனியில் சட்டையில்லாமல் வேலை செய்தார்கள். ஏடிஎம் அறையில் ஒரு மதியம் முழுக்க நின்று பார்த்தார். உள்ளே வந்தவர்கள் யாரும் வெளியே போக மனசில்லாமல் கூடவே நின்றார்கள்.

உண்மையைச் சொன்னால், இந்தத் தேடல் எல்லாம் ஊரை ஏய்க்கும் வேலை. அந்த வெயிலிலும் ஸ்வெட்டரும் காலுறையுமாக இருந்த ஒருத்தி அவர் வீட்டிலேயே இருந்தாள். அவர் மனைவி ரேணுகா. அவர் ஃபேனை ஐந்தில் வைப்பார், அவள் இரண்டுக்குக் குறைப்பாள். நடிக்காதே என்று சொல்லி மறுபடி ஐந்தில் வைப்பார். இருபத்திரண்டு வருஷச் சண்டை. அவளைப் பார்த்து மனசாரச் சொல்லிவிட்டால் ஃபேன் கைவிட்டுப் போய்விடும். ஆங்கிலமா ஃபேனா என்று வந்தபோது முப்பத்தொன்பது நாள் ஃபேன் பக்கம் நின்ற மகான் அவர். பின்னால் வகுப்பில் இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

நாற்பதாம் நாள் காலை வகுப்பில் சாக்பீஸ் என்ற சொல் அவருக்கு வரவில்லை. அந்த வெள்ளைக் குச்சியை எடு என்றார். பிள்ளைகள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மதியம் வீட்டுக்கு வந்தார். ரேணுகா அடுப்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஃபேன் இல்லாத இடம் அது ஒன்றுதான். அவளுக்குச் சமையலில் அவ்வளவு ஆசை என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ரேணுகா, நீ நெஷ்."

"அப்படின்னா?"

"குளிர் தாங்காதவ. நெசமாவே தாங்காதவ. நடிக்கல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இதச் சொல்றதுக்கு வெள்ளக்காரன் ஊர்லேந்து ஆள் வரணுமா?"

எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள்.

ஃபிரிட்ஜ் மேல் கிடந்த சொல் போர்வை அளவுக்குத் தேறி, சாயங்காலத் தபாலில் ஊருக்குக் கிளம்பியது. ஏகாம்பரத்துக்கு சாக்பீஸ் திரும்ப வந்தது.

அடுத்த வாரம் டெர்பிஷயரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே மேபல் என்ற அம்மையாரிடம் 'புழுக்கம்' வந்து தங்கியிருக்கிறதாம். முப்பத்தாறு நாள் ஆகிவிட்டது. மனசாரச் சொல்ல அந்த ஊரில் வழியே இல்லை. தன்னிடம் இருப்பதே நாலு தமிழ்ச் சொல், அதுவும் போய்விடுமே என்று அந்த அம்மா அழாத குறையாக எழுதியிருந்தார்.

ஏகாம்பரம் டிபன் கேரியரைத் திறந்து, ஓடாத ஃபேனுக்கு அடியில் வைத்தார். மதியத்துக்குள் நாலு அடுக்கிலும் புழுக்கம் நிரம்பிவிட்டது. ரேணுகா ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு வந்து மூடியை நன்றாக அழுத்தினாள்.

தபால் நிலைய குமாஸ்தா கேரியரைத் தூக்கிப் பார்த்தார். வீட்டில் செய்ததா என்று கேட்டார். ஏகாம்பரம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்றார். அப்படியானால் வழியில் கெடாது, மூன்று நாளில் போய்விடும் என்று சொல்லி முத்திரை குத்தினார்.