ஞாயிறு தோறும் ஒரு விரற்கடை

ஞாயிற்றுக்கிழமை றெஸ்லிங்கில் அடிவாங்கி விழும் ஒவ்வொரு முறையும் சிமியோன் ஒரு விரற்கடை உயரம் குறைந்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு உடம்பு நோவெல்லாம் ஒரு கிழமைக்கு இல்லாமற் போயிற்று. குருநகரில் இதைப் பற்றி இரண்டு கருத்துக் கிடையாது.

கோயில் பெருநாளுக்குக் கூத்தை விட்டுவிட்டு றெஸ்லிங் வைத்த வருடம் இது தொடங்கியது. கூத்துப் பழக்கிய அண்ணாவியாரே அடிகளையும் பழக்கினார். அடிப்பவன் லியோன், விழுபவன் அவனுடைய தங்கச்சி புருசன் சிமியோன். எல்லாம் பொய்யடி என்று கைக்குழந்தைக்கும் தெரியும். பொய்யடிக்குத் தலையிடி மட்டும் போனது; அதற்காகவே பெருநாள் முடிந்தும் ஞாயிறு தோறும் வைத்தார்கள். ஒருநாள் லியோனின் முழங்கை தவறி உண்மையாகவே நெஞ்சில் இறங்க, வட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்த இராசநாயகம் ஏழு வருடமாக மடங்காத முழங்காலை மடக்கிக் குந்தினார். அதற்குப் பிறகு பொய்யடியை எவரும் பொறுக்கவில்லை. சிமியோன் குறையத் தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

அவனுடைய மனைவி ஜெனிற்றா ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. திங்கட்கிழமைகளில் அவனுடைய காற்சட்டையை ஒரு விரற்கடை மடித்து, ஊரைத் திட்டித் திட்டித் தைத்தாள். அவன் அவளுடைய தோளுயரத்துக்கு வந்த ஞாயிறு, மறிப்பதற்கென்றே போனாள். "அண்ணை, போதும், விடுங்கோ!" என்று கத்தி முடிக்குமுன் லியோன் அவனைத் தூக்கி அடித்தான். நண்டுக் கொம்பனியில் பதினொரு வருடம் குனிந்து நின்று சேர்த்த முதுகுநோ, சட்டையைக் கழற்றினாற்போல் அவளை விட்டுப் போயிற்று. என்ன சுகம்! "இன்னொருக்காப் போடுங்கோ அண்ணை" என்றாள். கீழே கிடந்த சிமியோனுக்கு அது யாருடைய குரலென்று தெரிந்தது.

தவக்காலத்தில் ஆட்டம் பாட்டம் ஆகாது. மேடை மூடிய அந்த நாட்களில் சிமியோன் வளரத் தொடங்கினான். ஜெனிற்றா காற்சட்டைத் தையலைச் சந்தோசமாகப் பிரித்தாள். நாற்பது நாளும் பொறுத்திருந்தால் முழு ஆளாகியிருப்பான். இரண்டாம் கிழமை முதுகு திரும்ப நொந்தது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடித்து வந்தவள் படலையைச் சாத்தினாள்.

"மேடையிலைதானே கூடாது. முத்தத்திலை ஆர் பாக்கினம்? அண்ணையைக் கூப்பிடட்டே?"

"உனக்கு அவ்வளவு நோகுதே?"

"ஓம்."

சிமியோன் சேட்டைக் கழற்றினான். அடிச் சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் மதிலெல்லாம் தலையாயிற்று. அந்த வருடம் தவக்காலத்தை அத்தோடு எல்லோரும் மறந்தார்கள்.

இப்போது அவன் ஒரு சாண் இருக்கிறான்; இன்னும் பன்னிரண்டு ஞாயிறுக்குக் காணும். ஜெனிற்றா பனையோலைக் கூடையில் கொண்டுபோய் மேடையில் இறக்கிவிடுகிறாள். பின்வரிசைக்காரர் முறைப்பட்டதால் பெரிய வீடியோத் திரை போட்டிருக்கிறார்கள். லியோன் ஒரு விரலால்தான் அடிக்கிறான். சிமியோன் எப்போதும் மனைவி இருக்கும் பக்கமாகவே விழுகிறான். முற்றத்தில் அன்றைக்குப் போன முதுகுநோ அவளுக்குத் திரும்பவேயில்லை, ஆனாலும் ஒரு ஞாயிறும் அவள் தவறவிடுவதில்லை. நாலு மணிக்குத் தொடக்கம். முன்வரிசை வேண்டுமென்றால் மூன்று மணிக்கே போகவேண்டும்.