நூரிஸ் வீட்டுத் திரைச்சீலை

1

இந்தக் கதை ஒரு திரைச்சீலையில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சரியாகச் சொன்னால் இரண்டு திரைச்சீலைகள். ஒன்று என்னுடையது, இன்னொன்று பக்கத்து வீட்டு நூரிஸ் அம்மாளுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒரே கொத்தனார், ஒரே அளவு ஜன்னல், ஒரே தெரு. கொலம்பியாவின் கடலோர ஊரான பாரன்கீயாவில் மே மாதப் புழுக்கத்திலும் அவ்வப்போது கடல் பக்கமிருந்து கொஞ்சம் காற்று வரும். வந்ததும் என் திரைச்சீலை வயிறு புடைத்து எழும். நூரிஸ் அம்மாளுடையது ஈரத்துண்டு மாதிரி தொங்கும்.

"ஒரே தெருதானே தம்பி. காத்து உன் வீட்டுக்கு மட்டும் ஏன் விருந்தாளி மாதிரி வருது?" என்று நூரிஸ் அம்மாள் கேட்டாள்.

எதிர்வீட்டு எதில்மா நாற்காலியை ஆட்டிக்கொண்டே பதில் சொன்னாள். "அவன் வீட்ல கேள்வி கேக்க ஆளில்ல. அதான் தைரியமா வருது."

எனக்கு எந்தப் பொருளையும் பிரித்துப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. திரைச்சீலைகளை மாற்றிப் போட்டுப் பார்ப்போம் என்றேன். போட்டோம். என்னுடைய மெல்லிய சீலை அவள் ஜன்னலில் செத்துக் கிடந்தது. அவளுடைய தடிச்சீலை என் ஜன்னலில் குதித்தது. அவள் தன் சீலையை முறைத்தாள். "என் சீலைகூட உன் கட்சிக்கு மாறிடுச்சு."

ஆக, குற்றவாளி சீலை இல்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

2

இனி கதையைத் தொடங்க வேண்டும். எழுதி எறிந்த தொடக்கங்கள் சில:

"வெப்பம் என்ற கொடிய எதிரியை நூரிஸ் முதன்முதலாகச் சந்தித்த அன்று..." (பொய். இந்த ஊரில் வெப்பம் எதிரி அல்ல. கூப்பிடாமல் வந்து, சாப்பிட்டு, போகாமல் உட்கார்ந்திருக்கும் மைத்துனன்.)

"சூரியன் உருகி வழிந்த அந்த நண்பகலில், கரீபியக் கடலோரம்..." (சூரியன்மேல் பழியைப் போடுவது எழுத்தாளர்களின் சோம்பேறித்தனம். நிழலுக்குள் ஒதுங்கினால் சூரியன் விட்டுவிடும். விடாதது காற்றில் இருக்கும் தண்ணீர்தான்.)

அதை விளக்கியே ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம்மைக் குளிர வைப்பது வியர்வை அல்ல, வியர்வை காய்வதுதான். காயும்போது அது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. இங்கே காற்று ஏற்கெனவே தண்ணீர் குடித்துத் தொப்பை போட்டிருக்கும், உங்கள் வியர்வைக்கு அதில் இடமில்லை. வியர்வை நெற்றியிலேயே நிற்கும், வழியும், கண்ணை எரிக்கும், ஒரு வேலையும் செய்யாது. ஓடுகிற காற்று இருந்தால் கதை வேறு. தோல்மேல் ஒட்டிய ஈரக்காற்றைத் தள்ளிவிட்டுப் புதுக்காற்று வந்து நிற்கும், வியர்வை கொஞ்சமாவது காயும். அதனால்தான் இவ்வூரில் ஆடும் நாற்காலி. ஆடினால் நாமே காற்றுக்குள் போய்வருகிறோம்.*

* எதில்மா இந்தப் பத்தியைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "இத்தனை வருஷமா சும்மா ஆடிட்டு இருக்கேன்னு நெனச்சேன். வேலை செஞ்சிருக்கேன் பாரு."

3

எழுபதைத் தாண்டிய உடம்பு வேறு கணக்கில் ஓடுகிறது. தாகம் தாமதமாகத் தெரியும், வியர்வை குறையும், இதய மாத்திரை உடம்பிலிருக்கும் தண்ணீரை வெளியே தள்ளும். போன மாதம் நூரிஸ் அம்மாள் முட்டை வைத்த சோள அடையை எண்ணெயில் போட்டாள். அதைத் திருப்பிப் போடுவதற்குள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். அடை கருகிய வாசம் தெருவுக்கு வந்ததால்தான் எதில்மா ஓடினாள். நூரிஸ் அடையைக் கருக விடுகிறவள் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாரும் வைத்தியரானார்கள். நிஜ வைத்தியர் சீட்டில் "வெப்பத்தைத் தவிர்க்கவும்" என்று எழுதினார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. எதில்மாவோ, இஸ்திரி போட்ட கையோடு ஃபிரிட்ஜைத் திறந்தால் வாய் கோணிக்கொள்ளும் என்று ஃபிரிட்ஜுக்கே காவல் நின்றாள். அவள் பேச்சைக் கேட்டு நூரிஸ் அம்மாள் மாலை முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். மகன் ஏசி வாங்கி அனுப்பினான். ஏசிக்காக எல்லா ஜன்னலையும் அடைத்தார்கள். பிற்பகலில் மின்சாரம் போனதும் அந்த அறை இட்லிப்பானை ஆனது. உள்ளே நூரிஸ் அம்மாள் வெந்தாள். மறுநாளே ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள்.

அடுத்த தடவை விழுந்தால் எழுந்திருப்பாளா? அந்தத் தெருவில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அதுதான். கதையும் அதைப் பற்றியதுதான். திரைச்சீலை ஒரு சாக்கு.

4

மகன் பெயர் யெசித். பொகோட்டாவில், மலைமேல், பதினோராம் மாடியில் வீடு. இவனை நான் சந்தேகிக்கிறேன். அதாவது, இவனை நான் எழுதிய விதத்தைச் சந்தேகிக்கிறேன்.

முதல் பிரதியில் அவன் வில்லன். அம்மாவின் வீட்டை விற்கக் கண் வைத்தவன், கறுப்புக் கண்ணாடி, செல்போன் என்று எழுதியிருந்தேன். வாசகருக்கு வசதியாக இருந்திருக்கும். மகனைத் திட்டிக்கொண்டே படிக்கலாம், சொந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கவும் வேண்டாம். ஆனால் நிஜ யெசித் வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதும் நேரே அடுப்படிக்குப் போனான். அம்மா விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு காலால் அந்தத் தரையைத் தொட்டுப் பார்த்தான், சூடாக இருக்கிறதா என்று பார்ப்பவன் மாதிரி. வில்லன் அப்படிச் செய்வானா? கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

ஞாயிறு பிற்பகல் விமானம். இரண்டு டிக்கெட், ஒன்று அம்மாவுக்கு. நூரிஸ் அம்மாள் வர முடியாது என்று அடம்பிடித்தாள் என எழுதினால் கதை சூடு பிடிக்கும். அவள் அடம்பிடிக்கவில்லை. அவளுக்கும் பயம்தான். சரி என்றுவிட்டாள். ஆனால் போன முறை பொகோட்டாவில் நடந்ததை மறுபடி எல்லாருக்கும் சொன்னாள்.

அங்கே ஸ்வெட்டருக்குள்ளேயே தூங்கினாளாம். லிஃப்டில் பக்கத்தில் நின்றவரிடம் என்ன சமையல் என்று கேட்டதற்கு அவர் ஒரு மாடி முன்னதாகவே இறங்கிவிட்டாராம். சாயங்காலம் ஒரு நாற்காலியைக் கட்டட வாசலில் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தாளாம்.

"காவலாளி வந்து, யாருக்காகம்மா காத்திருக்கீங்கன்னு கேக்குறான். யாருக்காகன்னா? வர்றவங்களுக்காகத்தான்."

"வந்தாங்களா?" என்று எதில்மா கேட்டாள், பதில் தெரிந்துகொண்டே.

"குளிர் வந்துச்சு."

யெசித் சிரிக்கவில்லை. "அங்க யாரும் அடுப்படியில மயங்கி விழறதில்லம்மா" என்றான்.

இதற்கு நான் நல்ல எதிர்வாதம் ஒன்றை எழுதி வைத்திருந்தேன், அதில் வேர்கள் என்ற சொல் மூன்று தடவை வந்தது, ஆகவே அதை

(விட்டுவிடுகிறேன். அவன் சொன்னது உண்மை.)

5

மூட்டை கட்டியாயிற்று. மிச்சம் இருந்தது பிக்கோ.

பிக்கோ என்பது ஒலிபெருக்கிப் பெட்டி. பெட்டி என்றால் பீரோவைவிடப் பெரியது, ஆளுயரத்துக்கு மேல். முன்பக்கம் முழுக்கக் கண்ணைப் பறிக்கும் வண்ணப்படம். ஒவ்வொரு பிக்கோவுக்கும் பெயர் உண்டு, ரசிகர்கள் உண்டு, பகையாளிகள் உண்டு. நூரிஸ் அம்மாளின் காலமான கணவர் தீமாஸுடைய பிக்கோவின் பெயர் "சளைக்காத சேவல்". படத்தில் சேவல் குத்துச்சண்டைக் கையுறை மாட்டியிருக்கும். சனிக்கிழமைதோறும் அதை வண்டியில் ஏற்றித் தெரு நடனங்களுக்குக் கொண்டுபோவார். அது பாட ஆரம்பித்தால் மூன்று தெருவுக்கு அப்பால் தண்ணீர்க் குவளை நடுங்கும். அவர் போனபிறகு அது நின்ற பின்னறையைப் பூட்டிவிட்டாள். திறப்பது தூசி தட்ட மட்டும்.

பதினோராம் மாடிக்குச் சேவல் போகாது. விற்கத்தான் வேண்டும். வாங்க விரும்பியவன் படம் அனுப்பச் சொன்னான். ஞாயிறு காலை யெசித் பின்னறையைத் திறந்தான். உள்ளே ஒரே இருட்டு, படம் விழவில்லை. வெளிச்சத்துக்கு இழுக்க என்னைக் கூப்பிட்டான். அடியில் கோணிப்பையைச் செருகி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுவரிலிருந்து இழுத்தோம்.

முன்னறையில் நூரிஸ் அம்மாளும் எதில்மாவும் மரவள்ளிக் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி ஞாயிறு என்று சங்கோச்சோ வைப்பதாக ஏற்பாடு, கறியும் கிழங்கும் போட்ட கெட்டிச்சாறு. அப்போது ஜன்னல் திரைச்சீலை எழுந்து, அறையைக் கடந்து, எதில்மாவின் முகத்தைச் சுற்றிக்கொண்டது.

எதில்மா சீலைக்குள்ளிருந்தபடியே நிதானமாகச் சொன்னாள்: "நூரிசு, உன் வீட்டுக்காரர் வந்துட்டாரு."

6

இங்கே எனக்கு ஒரு சபலம். இந்தக் கடற்கரையில் நடக்கும் கதையில் ஆவி ஒன்று வராவிட்டால் வாசகர்கள் முகம் சுளிக்கிறார்கள். தீமாஸின் ஆவி பெட்டியிலிருந்து கிளம்பி மனைவியின் நெற்றி வியர்வையைத் துடைத்தது என்று நான் எழுதினால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஒருவேளை பரிசுகூடத் தருவார்கள்.

ஆனால் நான் பின்னறையில் நின்று பார்த்தது வேறு. சேவல் சாய்ந்திருந்த சுவர் முழுக்க சிமெண்ட் ஜாலி. பூப்பூவாய்த் துளை போட்ட கற்கள், தரையிலிருந்து உத்தரம்வரை. என் வீட்டுப் பின்சுவரிலும் அதேதான், அச்சு அசல். கொத்தனார் காற்று வெளியே போக வைத்த வழி அது. நாங்கள் முன்ஜன்னலையே முறைத்துக்கொண்டிருந்தோம், காற்று ஏன் வரவில்லை என்று. காற்று வரத் தயாராகத்தான் இருந்தது. உள்ளே இருந்தது வெளியே போக வழியில்லை. நிரம்பிய பேருந்தில் பின்வாசலைப் பூட்டிவிட்டு, முன்வாசலில் நிற்பவர்களை ஏன் ஏறவில்லை என்று கேட்டால் எப்படி?

நூரிஸ் அம்மாள் கத்தியோடு வந்து வாசற்படியில் நின்றாள். ஜாலி வழியாகக் கொல்லை வெளிச்சம் அவள்மேல் புள்ளிபுள்ளியாக விழுந்தது.

"அவர் இருந்தப்போ சனிக்கிழமை மட்டும் வீடு குளுகுளுன்னு இருக்கும். அவர் வெளிய போன நிம்மதின்னு நெனச்சேன்."

சனிக்கிழமைகளில் சேவலும் வெளியே போயிருந்தது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதை அந்தச் சுவரில் நிறுத்தியவர் தீமாஸேதான். ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடிக்குமிழ் வால்வுகள் சூடாகும், அவற்றுக்குக் காற்று வேண்டும், வீட்டிலேயே காற்று ஓடும் இடம் அதுதான் என்று தேர்ந்தெடுத்து வைத்தார். பிக்கோக்காரர்கள் எல்லாரும் செய்வது. மனைவிக்குக் காற்று வேண்டுமே என்பது மட்டும் அவர் கணக்கில் வரவில்லை.

"வால்வுக்கு வேர்க்கக் கூடாது, எனக்கு வேர்க்கலாம்" என்று நூரிஸ் அம்மாள் சேவலின் மூக்கில் கத்திப்பிடியால் ஒரு தட்டுத் தட்டினாள். "செத்தும் காத்த மறிச்சிட்டு நின்னிருக்கான் மனுஷன்."

பிறகு அந்த இடத்தைத் தன் முந்தானையின் (தவறு. அவள் உடுத்தியிருந்தது பூப்போட்ட கவுன். கை பழக்கத்தில் எழுதுகிறது.) கவுன் நுனியால் துடைத்தும் விட்டாள்.

7

முடிவுகள்.

முதல் முடிவு: அவள் பொகோட்டா போகிறாள், மயங்கி விழுவதில்லை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்கிறாள். நாளடைவில் காவலாளியும் ஒரு நாற்காலி கொண்டுவருகிறான். (அழகு. ஆனால் அந்தக் காவலாளிக்கு மேலதிகாரி இல்லையா?)

இரண்டாம் முடிவு: அவள் இங்கேயே இருக்கிறாள், காற்று வீசுகிறது, எல்லாம் சுபம். (யெசித் இதை ஏற்கவில்லை. சாப்பிடும்போதே சொன்னான்: "சீலை ஆடுனா அம்மா விழமாட்டாங்கன்னு எழுதித் தருவியாண்ணே?" நான் தரவில்லை. காற்று மருந்து அல்ல. இதய மாத்திரையின் அளவை வைத்தியர் மறுபடி பார்க்க வேண்டும், குளிர்ந்த தண்ணீர் மறக்காமல் குடிக்க வேண்டும், ஃபிரிட்ஜைத் திறந்தால் வாய் கோணாது. எதில்மா கடைசி விஷயத்தை மட்டும் மறுத்தாள்.)

மூன்றாவது, நிஜத்தில் நடந்தது. அதற்கு முடிவு இல்லை. சங்கோச்சோ சாப்பிட்டுவிட்டு யெசித் முன்னறையில் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தான், வண்டி வரும்வரை என்று சொல்லி. தலைக்குமேல் சீலை எழுந்து எழுந்து தணிந்தது. மின்சாரம் வழக்கம்போலப் போயிற்று. அவன் தூங்கிவிட்டான். வாய் திறந்த தூக்கம். பொகோட்டாவில் அப்படித் தூங்குகிறானா என்று எனக்குத் தெரியாது. நூரிஸ் அம்மாள் குனிந்து மகன் நெற்றியைத் தொட்டாள், பின் விரலைப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

இரண்டு பயணப்பெட்டிகளும் வாசலில். வண்டிக்காரன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறான். எதிர்வாசலில் எதில்மா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை, வேகமாக ஆடுகிறாள். நூரிஸ் அம்மாள் மகன் தோளுக்கு மேல் கையை நீட்டியபடி, தொடாமல் நிற்கிறாள்.

எழுப்பலாமா வேண்டாமா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்களுக்கும் அம்மா இருப்பார், அல்லது நீங்களே அந்த வயதுக்கு வந்துகொண்டிருப்பீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: சேவலைப் பின்சுவரிலிருந்து நகர்த்திப் பக்கச் சுவரோரம் வைக்க வேண்டும். ஜாலிக்கு முன்னால் எதையும் நிறுத்தக் கூடாது. முன்ஜன்னலும் பின்னறைக் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். காற்று வெளியே போக வழி விட்டால், உள்ளே வரும்.